ஊரப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பத்து ரூபாய் இல்லை

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதிய ஊர்களில் எல்லாம் பார்க்க ஏதாவது ஒன்று இருந்தது. அருவி, அணை, கோட்டை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு நல்ல பரோட்டாக் கடை. இந்த முறை போனது தாம்பரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம். “தாம்பரத்துல பார்க்க என்ன இருக்கு? எல்லாரும் அங்க எறங்கி வேற எங்கயாவது போவாங்க” என்றார் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துத் தோழி. அவர் சொன்னது நியாயம்தான். இருந்தும் புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பினேன். அங்கே ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கே வருகிறவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. நான் கதையும் எழுதுகிறேன். பெண்கள் தொடர்கதை எழுதிப் படிக்கிற ஒரு இணையதளத்தில், வேறொரு பெயரில், ஆறு வருடமாக. வாரத்தில் மூன்று நாள் எட்டு மணிக்கு ஒரு அத்தியாயம் போடுவேன். அதை அங்கே ‘யூடி’ என்பார்கள். படிப்பவர்கள் எனக்கு ‘சிஸ்’, நானும் அவர்களுக்கு ‘சிஸ்’. அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அத்தியாயம் வந்த உடனே, படிப்பதற்கு முன்னாலேயே, முதல் கமெண்டில் ‘துண்டு’ என்று மட்டும் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான். பிறகு நிதானமாகப் படித்துவிட்டு வந்து, அந்தத் ‘துண்டை’ எடுத்துவிட்டு அதே இடத்தில் மனதில் பட்டதை எல்லாம் எழுதுவார்கள்.

என் கதைகளுக்குத் தவறாமல் துண்டு போட்டவர் ‘குட்டிமேகம்’ என்ற வாசகி. எட்டு மணிக்கு யூடி, எட்டு ஒன்றுக்குத் துண்டு. அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு ஓடும் கமெண்ட். கதாநாயகன் சட்டைப் பொத்தான் வரைக்கும் விடமாட்டார். நான் தனியாள். காலையில் பள்ளிக்கூடம், கட்டண ரசீது, பெற்றோர் சண்டை. மாலையில் வீடு, ஒரு குக்கர் விசில். நாள் முழுக்க என்னிடம் யாராவது ஆசையாகப் பேசுகிற நேரம் என்றால் அந்த எட்டரை மணிதான். வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு கமெண்டுக்காகத்தான் நான் எழுதினேன்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதையின் நாயகி நிவேதா, குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள், வீடு ஊரப்பாக்கம். நானோ அந்தப் பக்கத்தை ரயில் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன். குட்டிமேகத்தின் ஊர் ஊரப்பாக்கம் என்பதால் தைரியமாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முன்கூட்டியே அவருக்குத் தனிச்செய்தியில் அனுப்புவேன். “சிஸ், அங்க ஷேர் ஆட்டோ பத்து ரூபா”, “சிஸ், ஸ்டேஷன் வாசல்ல ஒரு கோபக்கார அண்ணன் டீக்கடை இருக்கு, பன் பட்டர் ஜாம் சூப்பரா இருக்கும்”, “பிளாட்பாரத்துல தூங்குமூஞ்சி மரம், அடியில சிமெண்ட் பெஞ்சு, நிவேதாவ அங்க உக்கார வைங்க” என்று எல்லாம் அவர் சொல்லித்தான் எழுதினேன்.

நாற்பத்தோராவது அத்தியாயத்துக்கு முந்தினதில், கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் கமெண்டில் வந்து கலாய்த்துவிட்டார். “ரைட்டர் மேடம் ஊரப்பாக்கம் பக்கம் வந்ததே இல்லையா? ஷேர் ஆட்டோ பத்து ரூபாயா? எந்த யுகத்துல? அந்த டீக்கடைய நானும் தேடிட்டே இருக்கேன்!” என்று சிரிப்பு பொம்மை நாலு. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். “தினமும் அதே ரோட்டில் போய்வரும் உள்ளூர் சிஸ் ஒருவர் வரிக்கு வரி சரிபார்த்த பிறகுதான் போடுகிறேன்” என்று பதில் போட்டேன். அடுத்த அத்தியாயத்துக்கு எட்டு ஒன்றுக்குத் துண்டு விழுந்தது. அரைமணி கழித்துப் பார்த்தேன், துண்டு. மறுநாள் பார்த்தேன், துண்டு. அதோடு சரி. குட்டிமேகம் அதற்குப் பிறகு வரவே இல்லை. தனிச்செய்திகளைப் படித்த அடையாளம் விழும், பதில் வராது.

முதல் வாரம் உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். இரண்டாவது வாரம் வேறு எழுத்தாளருக்குத் துண்டு போடப் போய்விட்டார் என்று முடிவு கட்டி எரிச்சல்பட்டேன். தளம் முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை. கதையும் ஓடவில்லை. மூன்று அத்தியாயத்தை எழுதி அழித்தேன். முன்பு என் புத்தகம் ஒன்றை கூரியரில் அனுப்பியதால் அவர் முகவரி என்னிடம் இருந்தது. ஒருத்தர் பேசாமல் போனால் காரணமாவது தெரிய வேண்டாமா? நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அப்படியே கதையில் எழுதிய வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

திருச்சியில் காலை ஆறு ஐம்பதுக்குப் பகல்நேர விரைவு ரயில். உட்காரும் இரண்டாம் வகுப்பு, முன்பதிவோடு நூற்று நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட் கேட்டால் கிடைக்கும், ஆனால் விழுப்புரம் வரை வெயில் முகத்தில் அடிக்கும், இடப்பக்கம் பார்த்து உட்காருங்கள். செங்கல்பட்டு தாண்டியதும் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் எல்லாம் நிற்காமல் ஓடின. ஊரப்பாக்கத்தில் மரத்தைத் தேடினேன், கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, வேகம் அப்படி. பதினொன்று நாற்பதுக்குத் தாம்பரம்.

தாம்பரத்தில் புறநகர் ரயில் டிக்கெட்டை மொபைல் செயலியில் எடுத்துவிடுங்கள், கவுண்டர் வரிசை பொறுமையைச் சோதிக்கும். குரோம்பேட்டைக்கு ஐந்து ரூபாய், ஏழு நிமிடம். இறங்கி ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்தேன். நிவேதா மதியச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு சாத்துக்குடி ஜூஸ் குடித்துச் சமாளிப்பாள் என்று எழுதியிருந்தேன், இருபத்தைந்து ரூபாய் என்று குட்டிமேகம் சொல்லியிருந்தார். புடவைக் கடைகளுக்கு நடுவே ஒரு ஜூஸ் கடையைப் பிடித்து, சாத்துக்குடி ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு முப்பது ரூபாயை நீட்டினேன். மீதி ஐந்து வரும் என்று கையை வேறு நீட்டிக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாக்கா இது? அறுவது ரூபா.”

“இருபத்தஞ்சுன்னு சொன்னாங்களே.”

“யாருக்கா சொன்னது? இருபத்தஞ்சு ரூவாய்க்கு இப்போ பழம் கூட வராது. அதெல்லாம் கொரோனாவுக்கு முந்தி. நீ இன்னா, தூங்கினு இருந்து இப்பதான் எழுந்து வரியா?” என்று சிரித்தார். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அறுபதைக் கொடுத்துவிட்டு நடந்தேன். ஒரு விலை தப்பாகத் தெரிந்திருக்கலாம், அதில் என்ன என்று சமாதானம் செய்துகொண்டேன்.

குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு வண்டியில் ஊரப்பாக்கத்துக்கு ஐந்து ரூபாய்தான். பன்னிரண்டு ஐம்பதுக்கு வண்டி வந்தது, கூட்டமில்லை. ஊரப்பாக்கம் வந்தது, வண்டி நின்றது, நான் எழுந்திருக்கவில்லை. ஆறு வருடமாக எழுத்தில் மட்டும் பார்த்த ஆள். கதவைத் திறந்து “யார் நீங்க?” என்றால் என்ன பதில் சொல்வது? “உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்” என்றா? வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷன் கூடுவாஞ்சேரியில் இறங்கினேன். அதே ஐந்து ரூபாய் டிக்கெட் அங்கேயும் செல்லும் என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குப் பொறுப்பு நான் இல்லை, நீங்கள் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடுவாஞ்சேரி மார்க்கெட் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் சாப்பாடு, நூற்று இருபது ரூபாய். புரட்டாசி என்பதால் உட்கார இடம் கிடைக்கவே கால்மணி ஆயிற்று. வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. எதிரில் ஒரு குடும்பம், பக்கத்து மேஜையில் மனை வாங்க வந்தவர்களும் தரகரும். சாப்பிட்டு மார்க்கெட்டுக்கு வந்து, என்னைக் கலாய்த்த வாசகி இந்த ஊர்தானே, காய் வாங்கிக்கொண்டிருக்கும் இவரா, ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போடும் அவரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராக இருந்தாலும் அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று தளத்தில் எண்ணிக்கை காட்டுகிறது. அந்த ஊரில் என்னிடம் பேசியது, “ரசமா, மோரா?” என்று கேட்ட பரிமாறுபவர் மட்டும்தான்.

இரண்டேகால் வண்டியில் ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்து ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். இந்த முறை கதவுப் பக்கமே நின்றுகொண்டேன். பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சு இருந்தது. மரம் இல்லை. மரம் இருந்த இடத்தில் ஒரு வட்டம், அதன் மேல் ஓடு பதித்திருந்தார்கள். நிவேதா நாற்பது அத்தியாயமாக நிழலில் உட்கார்ந்திருந்த இடத்தில் உச்சி வெயில் காய்ந்தது. வாசலுக்கு வந்தேன். கோபக்கார அண்ணன் டீக்கடை இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் உறை விற்கும் கடை.

வெளியே ஷேர் ஆட்டோக்கள் நின்றன. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். காலனியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். (பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் உங்களுக்கே புரியும்.)

“குந்துக்கா, போலாம். இன்னும் ரெண்டு பேர் வந்தா எடுத்துருவேன்.”

“எவ்வளவுண்ணா?”

“இருவது.”

“பத்து ரூபாய் இல்லையா?”

“பத்து ரூபாயா? அது ஏழு எட்டு வருஷம் முன்னாடி. இப்போ டீயே பதினஞ்சு ரூபா விக்குது.”

“இங்க ஒரு டீக்கடை இருந்ததாமே?”

“ஆமா, அந்த சிடுமூஞ்சி. நல்ல மனுசன், ஆனா வாயைத் தொறந்தா பேஜாரு. கடையைக் குடுத்துட்டு ஊருக்குப் பூட்டாரு. அதுவும் ஆச்சு ஆறு வருஷம். நீ முன்னாடி இங்க இருந்தியாக்கா?”

இல்லை என்றேன். படித்தேன் என்று சொல்லியிருக்கலாம், அவருக்குப் புரிந்திருக்காது. வண்டியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். தாம்பரத்தில் வெளியூர் பஸ்கள் வராது, கிளாம்பாக்கம் புது நிலையத்தில்தான் நிற்கும் என்று குட்டிமேகம் திருத்தியிருந்தார், அது சரி. பெரிய விஷயங்கள் செய்தியில் வந்துவிடும். இருபது ரூபாய் ஷேர் ஆட்டோ செய்தியில் வராது. கையில் காசு வைத்துக்கொண்டு ஏறி இறங்கினால்தான் தெரியும். அவர் ஏழு எட்டு வருடமாக இந்த வண்டியில் ஏறவில்லை. அப்படியென்றால் அவர் இந்த ஊரிலேயே இல்லை, புத்தகம் போன முகவரிகூட வேறு யாருடையதோ. பொய்யான ஆளோடுதான் ஆறு வருடம் பேசியிருக்கிறேன். அப்படி நினைத்தபோது அழுகை வந்தது, எதிர் சீட்டில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடி ஏறி மூச்சு வாங்க மணி அடித்தேன்.

“கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளுங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

தள்ளினேன். கூடத்தில், ஆபீஸ்களில் இருக்குமே சக்கரம் வைத்த சுழல் நாற்காலி, அதில் ஒரு அம்மாள். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். நைட்டி, மேலே ஒரு துப்பட்டா. காலால் தரையை உந்தி நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாக வளைந்து கணுக்கள் வீங்கியிருந்தன. ‘குட்டிமேகம்’ என்ற பெயருக்கும், கமெண்டில் போடும் இதயங்களுக்கும், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

என் கதைப் பெயரைச் சொன்னேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

“சொல்லாம கொள்ளாம வருவீங்களா? ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல? நைட்டியோட இருக்கேன், வீடு கெடக்குற கெடையைப் பாருங்க.”

“மெசேஜ் போட்டேனே. பதினோரு மெசேஜ்.”

“ஆமா,” என்றார். “போட்டீங்க.” முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உக்காருங்க. பஸ்ஸா, ட்ரெயினா?”

வாங்கிக்கொண்டு போன மணப்பாறை முறுக்கு டப்பாவை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிரத் திறக்கவில்லை. இறுக்கி மூடிய மூடி, அவரால் திறக்க முடியாது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானே திறந்து கொடுத்தேன். “அக்கா, உடம்புக்கு என்ன?” என்று கேட்டேன்.

“மூட்டுவாதம். முதல்ல கை, அப்புறம் முட்டி. கடைசியா நானா எறங்கிப் போயி ஏழு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்குன்னா பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டு எறங்குவாங்க. தெருவே நின்னு பார்க்கும். அதுக்காகவே நான் வலியைச் சொல்றதில்ல. லிஃப்ட் வைக்கலாம்னு அசோசியேஷன்ல பேசினாங்க, கீழ் வீட்டுக்காரங்க, நாங்க ஏன் குடுக்கணும்னுட்டாங்க.” பெரிதாக வருத்தப்படாமல், காய் விலை சொல்வதுபோல் சொன்னார். “அப்புறம், அக்கா வேண்டாம். அக்கான்னு கூப்பிட இந்த பில்டிங்ல ஆள் இருக்கு. சிஸ்னு கூப்பிட நீங்க மட்டும்தான்.”

கேட்க வந்ததைக் கேட்டேன். “ஏன் சிஸ் துண்டு போட்டுட்டு வரவே இல்ல?”

“என்னன்னு வர்றது? அந்தப் பொண்ணு கேட்டது சரிதானே. பத்து ரூபான்னு நான் பொய் சொல்லல சிஸ். நான் போனப்போ பத்து ரூபாதான். ‘தினமும் போய்வரும் உள்ளூர் சிஸ்’னு நீங்க எனக்காகச் சண்டை போட்டீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்குக் கூசிப்போச்சு. தினமும் போறேன்னு நான் சொன்னதே இல்ல. இல்லைன்னும் சொல்லல. சொல்லிட்டா, அந்தக் கதையைப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புவீங்களே, அது நின்னுபோயிடும்ல? துண்டு போட்டுட்டு அப்படியே போனைக் கையில வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு வரி வரல.”

“வீட்ல கேட்டிருக்கலாமே, ஆட்டோ எவ்வளவுன்னு.”

“அவர் கிண்டிக்கு வேலைக்குப் போறார். ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர், அங்கேருந்து சீசன் டிக்கெட். கேட்டா, ‘உனக்கு எதுக்கு அது?’ம்பார். நல்ல மனுஷர்தான். ஆனா அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல.” நாற்காலியை லேசாக ஆட்டினார். “என் கமெண்ட்ல முற்றுப்புள்ளி இருக்காது, கவனிச்சீங்களா? விரல் வராது. நான் பேசுவேன், போன் எழுதிக்கும். பையன் வெளிநாட்ல, ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான். மத்தபடி நாள் முழுக்க நான் வாய் திறந்து நீளமா பேசுறதுன்னா அது உங்களுக்குப் போடுற கமெண்ட் மட்டும்தான் சிஸ்.”

என் எட்டரை மணியும் அவருடைய எட்டரை மணியும் ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை அவரிடம் சொன்னேன். நானும் திருச்சி வீட்டில் ஒரு குக்கர் விசிலோடுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பெரிய காட்சியெல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு முறுக்குத் தின்றோம்.

வெளியே ஒரு விரைவு ரயில் போனது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. நிவேதாவின் வீட்டிலும் அப்படித்தான் கிணுகிணுக்கும், மூன்றாவது அத்தியாயத்தில் வருகிறது. தெருவில் ஒலிபெருக்கியில் இட்லி மாவு வண்டி போனது, அதுவும் வருகிறது. தண்ணீர் லாரி பின்னால் எடுக்கும்போது போடும் பாட்டும் அதே பாட்டு. காசு கொடுக்க வேண்டிய இடமெல்லாம் பழசாக இருந்தது. காதில் விழுகிற இடமெல்லாம் அச்சு அசலாகச் சரி. இந்த ஊரை அவர் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

“இனிமே உங்களுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல சிஸ்” என்றார்.

“நான் தகவல் கேட்டு வரல.”

தரையைப் பார்த்துக்கொண்டே, “ஷேர் ஆட்டோ இப்ப எவ்ளோ?” என்று கேட்டார்.

“இருபது.”

“டபுளா! டீ?”

“பதினஞ்சு.”

“அந்தச் சிடுமூஞ்சி அண்ணன் பதினஞ்சு ரூபா வாங்குறாரா?”

அவர் ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னேன். மரம் இல்லை என்றும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் வாடினார். “இலை கொட்டுற காலத்துல பிளாட்பாரமே மூடிக்கும்” என்றார். பிறகு கேள்வி மேல் கேள்வி. தாம்பரத்தில் படி ஏற எஸ்கலேட்டர் எந்தப் பக்கம்? குரோம்பேட்டையில் எத்தனை கடை புதிது? இப்போது பெண்கள் என்ன மாதிரி பை மாட்டுகிறார்கள்? லேடீஸ் பெட்டியில் இன்னும் பூ கட்டுகிறார்களா? தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய் எழுதுகிறேன், இப்படி ஒருத்தர் பசியோடு என்னிடம் வழி கேட்டதில்லை. நடுவில் அவர் கணவர் போன் செய்தார். “ஃப்ரெண்ட் வந்திருக்காங்க” என்றார் இவர். எந்த ஃப்ரெண்ட் என்று கேட்டிருப்பார் போல. “இருக்காங்க ஒருத்தங்க, சொன்னா உங்களுக்குப் புரியாது” என்று வைத்துவிட்டார்.

கிளம்பும்போது, இந்தப் பயணத்தை எழுதலாமா என்று அனுமதி கேட்டேன்.

“எழுதுங்க. என் பேரு போடாதீங்க. மாடியை விட்டு எறங்கலைன்னு எழுதுங்க, பரவாயில்ல. நானே சொல்லணும்னு இருந்தேன், கமெண்ட்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா ஆட்டோ காசெல்லாம் கரெக்டா போடுங்க.”

“கமெண்டுக்கு வருவீங்களா?”

“பார்க்கலாம் சிஸ்” என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

பால்கனியிலிருந்து கை காட்டுவதாகச் சொன்னார். கீழே இறங்கித் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பால்கனிச் சுவர் உயரம், நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கு மேல் தலை வராது. சுவருக்கு மேலே வளைந்த விரல்கள் நாலு மட்டும் தெரிந்தன, அசைந்தன. அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. அங்கிருந்து அவருக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் வானமும்தான் தெரியும். நான் பதிலுக்குக் கை காட்டினேன், அது அவருக்குத் தெரியாது என்பதால் “போய்ட்டு வரேன் சிஸ்!” என்று சத்தமாகக் கத்தினேன். ஸ்கூட்டரில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். விரல்கள் கொஞ்சம் வேகமாக அசைந்தன.

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் ஜிஎஸ்டி ரோடு வரை இருபது, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கிளாம்பாக்கம் பத்து. ஆறு மணிக்குத் திருச்சி பஸ், முந்நூற்று முப்பத்தைந்து ரூபாய், ஜன்னல் சீட். முந்தைய பயணங்களில் திரும்பி வரும்போது எழுத வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வருவேன். அன்றைக்கு அந்த நாலு விரல்தான் கூடவே வந்தது. ஆறு வருடம் வாரம் தவறாமல் பேசியவருடைய வீட்டில் நான் இருந்தது இரண்டரை மணி நேரம். மறுபடி எப்போது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மேலே சொன்ன காசெல்லாம் நான் போன அன்றைய நிலவரம், பதினைந்து வாங்கும் டீக்கு அடுத்த மாதமே பதினெட்டு கேட்கலாம். செங்கல்பட்டு வண்டிகள் மதியத்தில் அடிக்கடி கிடையாது, செயலியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரப்பாக்கம் பிளாட்பாரத்தில் நிழல் குறைவு, குடை எடுத்துப் போங்கள். இணையத்தில் பழகிய ஒருத்தரைப் பார்க்கப் போவதென்றால், பதில் வராவிட்டாலும் போகிற நாளைச் சொல்லிவிட்டுப் போங்கள், அவர்கள் நைட்டியை மாற்ற நேரம் கிடைக்கும். தின்பண்டம் வாங்கினால் மூடி லேசாகத் திறக்கும் டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணில் படும் விலைப் பலகையை எல்லாம் படித்துக்கொண்டு போங்கள். அங்கே ஒருத்தர் கேட்பார்.

கதையின் நாற்பத்தோராவது அத்தியாயத்துக்குக் கீழே இதை எழுதும் வரை ‘துண்டு’ அப்படியேதான் கிடக்கிறது. நிவேதாவின் ஷேர் ஆட்டோவை இருபது ரூபாயாக மாற்றிவிட்டேன். மரத்தை மட்டும் எடுக்கவில்லை, அது இருக்கட்டும்.

இந்தப் பதிவை எட்டு மணிக்குப் போடுகிறேன். சுட்டியை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன். கீழே முதல் கமெண்ட் என் பெயரில் இருக்கும், ‘துண்டு’ என்று மட்டும். அது எனக்காகப் பிடித்த இடமில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது, அவருக்கு நேரமாகும். நீங்கள் இரண்டாவது சீட்டிலிருந்து உட்காருங்கள்.